பெட்டி வந்ததா?

பிட்ஸ்பர்க்,
அக்டோபர் 12

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலி காரணம் என்று எழுதினால், "எழுதுவது கையால்தானே?" என்று கேட்பாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ எழுதிய ஒரு வரி என்னை இந்த ஊர் நூலகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. "எடிசன் சினிமா மெஷினைக் கண்டுபிடித்தார், அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கொட்டகை முளைத்துவிட்டது. முதல் கொட்டகை உன் மகள் இருக்கும் ஊரில்தானாம், போய்ப் பார்த்து எழுது" என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டரின் மகன் எழுதுகிற வாக்கியமா இது?

போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை என்னை ஸ்மித்ஃபீல்ட் தெருவில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிப் போனார். பார்க்க ஒன்றுமில்லை. அந்தக் கட்டடம் எப்போதோ போய்விட்டது. அங்கே நின்றுகொண்டு, புத்தகத்தில் படித்ததை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். 1905 ஜூன் 19 அன்று ஹாரி டேவிஸ் என்பவரும் அவருடைய மைத்துனர் ஜான் ஹாரிஸும் இந்தத் தெருவில் ஒரு கடையைக் காலி செய்து, 96 நாற்காலி போட்டு, திரை கட்டி, பியானோ ஒன்றை வைத்துத் திறந்தார்கள். டிக்கெட் ஐந்து சென்ட். ஐந்து சென்ட் நாணயத்துக்கு இங்கே நிக்கல் என்று பெயர், இசை அரங்கத்துக்குக் கிரேக்கச் சொல் ஓடியான். இரண்டையும் ஒட்டி 'நிக்கலோடியான்' என்று பலகை மாட்டினார்கள். நம் ஊரில் 'நாலணா சபா' என்று பலகை மாட்டியதுபோல வைத்துக்கொள். பாதி மலிவு, பாதி மிடுக்கு.

காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவு வரை ஓடுமாம். பாதியில் நுழையலாம், பாதியில் எழுந்து போகலாம். நான் பழைய வங்கி குமாஸ்தா அல்லவா, அங்கேயே கணக்குப் போட்டேன். அரங்கு நிறைந்தால் 4 டாலர் 80 சென்ட். அரை மணிக்கு ஒரு ஆட்டம் என்றாலும் நாளொன்றுக்கு 32 ஆட்டம், 150 டாலருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு சின்னக் கடையில் துணி விற்றோ மிட்டாய் விற்றோ அந்தப் பணத்தைப் பார்க்க முடியாது. செய்தி தீயாகப் பரவியதற்கு வேறு விளக்கம் தேவையா? 1908 வாக்கில் நாடு முழுவதும் ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் கொட்டகைகள் வரை இருந்தன என்று மதிப்பிடுகிறார்கள்.

ஆனால் இதுவே முதல் கொட்டகை என்று அடித்துச் சொல்லிவிடாதே. 1896இலேயே நியூ ஆர்லியன்ஸில் படத்துக்கென்றே ஒரு கூடம் நடந்திருக்கிறது. 1902இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தாமஸ் டாலி என்பவர் 'எலக்ட்ரிக் தியேட்டர்' என்று ஒன்று திறந்தார். பெயரைப் பார்த்ததும் எனக்கு நம் மவுண்ட் ரோட்டில் 1913இல் வந்த எலக்ட்ரிக் தியேட்டர்தான் நினைவுக்கு வந்தது. மின்சாரமே ஒரு வேடிக்கையாக இருந்த காலம். வாசலில் நூறு பல்பு எரிந்தால் அதைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

இப்போது உன் எடிசனுக்கு வருகிறேன். 1896 ஏப்ரல் 23 அன்று நியூயார்க்கில் ஓர் இசைக்கூடத்தில் திரையில் படம் காட்டிய வைட்டாஸ்கோப் இயந்திரம் எடிசன் பெயரில் விற்கப்பட்டது, அவ்வளவுதான். அதைச் செய்தவர்கள் பிரான்சிஸ் ஜென்கின்ஸ், தாமஸ் ஆர்மட் என்ற இரண்டு பேர். பெரிய பெயர் இருந்தால் சரக்கு போகும் என்று வியாபாரிகள் எடிசனைப் பலகையில் ஏற்றினார்கள், அவரும் ஏறிக்கொண்டார். போகட்டும். ஆனால் அந்த இயந்திரமும் ஊருக்கு ஊர் பரவிவிடவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். மாநிலத்துக்கு இவ்வளவு என்று உரிமையை ஏலம் போட்டதுபோல விற்றார்கள். வாங்கியவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஒரு ஊரில் ஒரு வகை மின்சாரம், அடுத்த ஊரில் வேறு வகை, சில ஊர்களில் மின்சாரமே இல்லை. இயந்திரம் பிறந்து ஒன்பது ஆண்டு கழித்துத்தான் ஸ்மித்ஃபீல்ட் தெருக் கடை வந்தது. அந்த ஒன்பது ஆண்டில் என்ன குறைந்திருந்தது?

பெட்டி குறைந்திருந்தது, கணேசா. பிலிம் ரீல்கள் வரும் நம் படப்பெட்டி.

நாம் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கடைசி பஸ் வரும் வரை நாற்சந்தியில் நிற்போமே, நினைவிருக்கிறதா? பஸ் கூரையிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை இறக்கினால் உன் அப்பா முகத்தில் ஒரு தெளிவு வரும். பெட்டி வராத இரவில் முறுக்குக்காரரிலிருந்து சோடாக்காரர் வரை யாரும் பேசமாட்டார்கள். மெஷின் கொட்டகையில் அப்படியேதான் இருக்கும், பெட்டி இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு.

அமெரிக்காவில் தொடக்கத்தில் பிலிமை அடிக்கணக்கில் விலைக்கு விற்றார்கள், அடி சுமார் 12 சென்ட். ஆயிரம் அடி ரீல் ஒன்று, கால் மணி நேரம் ஓடக்கூடியது, நூறு டாலரைத் தாண்டிவிடும். அதை வாங்கியவன் என்ன செய்வான்? ஒரு ஊரில் இரண்டு நாள் காட்டிவிட்டு மூட்டை கட்டுவான். பென்சில்வேனியாவில் வில்க்ஸ்-பாரியைச் சேர்ந்த லைமன் ஹவ் என்பவர் அப்படித்தான் ஊர் ஊராகப் போய், நாடக அரங்குகளிலும் மன்றங்களிலும் காட்டிப் பெரிய பெயர் எடுத்தார். பிலிம் அதேதான், ஆட்கள்தான் மாறுவார்கள். கடையில் உட்கார்ந்துவிட்டால் இது தலைகீழாகிறது. ஆட்கள் அதே தெருக்காரர்கள், பிலிம் மாற வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை, பிறகு தினமும்கூட மாற்ற வேண்டியிருந்தது. எந்தக் கடைக்காரன் தினம் நூறு டாலருக்கு ரீல் வாங்குவான்?

1903 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் மைல்ஸ் சகோதரர்கள் பிலிமை வாங்கி வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். பிறகு பல நகரங்களில் இத்தகைய வாடகை நிலையங்கள் வந்தன, சிகாகோ அதற்குத் தலைநகரமே ஆகிவிட்டது. அங்கிருந்து ரயில் போகும் திசையெல்லாம் பெட்டி போயிற்று. அயோவாவிலோ நெப்ராஸ்காவிலோ இருக்கும் சிற்றூருக்கு ரயில் நிலையம் இருந்தால் போதும், கொட்டகை வரலாம். ஊருக்கு ஊர் முளைத்ததற்கு முதல் காரணம் இந்த வாடகைதான், இயந்திரம் அடுத்ததுதான் என்பது என் கட்சி. நீ மறுத்தால் அடுத்த கடிதத்தில் சண்டை போடலாம்.

இதே கணக்கு நம் பக்கமும் பொருந்துகிறது பார். அதே 1905இல்தான் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இயந்திரத்தையும் பிலிமையும் விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். பிலிம் சொந்தம், ஆகவே ஊர்சுற்றல். கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டி அமர்ந்தது 1914இல்.

கடை திறந்தவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. கலைஞன் ஒருவனும் இல்லை. கார்ல் லேம்லி விஸ்கான்சினில் துணிக்கடை மேலாளர். 1906இல் சிகாகோவில் ஒரு கொட்டகை திறந்து, பெட்டி சரியாக வராத எரிச்சலில் தானே வாடகை நிலையம் தொடங்கினார். பின்னாளில் யுனிவர்சல் கம்பெனியை அமைத்தவர் அவர். லூயி மேயர் பழைய இரும்பு வியாபாரி. மாசச்சூசெட்ஸில் ஹேவர்ஹில் என்ற ஊரில் 'பூண்டுப் பெட்டி' என்று ஊரார் கேலி செய்த ஒரு பாழடைந்த கொட்டகையை எடுத்து, வெள்ளையடித்து, 1907இல் குடும்பத்தோடு வரும் இடமாக மாற்றினார். இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் நியூ காசில் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வார்னர் சகோதரர்கள் கொட்டகை தொடங்கியபோது நாற்காலிக்குப் பணமில்லை, பக்கத்தில் சவ அடக்கம் செய்பவரிடம் வாடகைக்கு எடுத்தார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். சாவு விழுந்தால் நாற்காலி திரும்பப் போய்விடுமாம். கதை உண்மையோ பொய்யோ, நம் ஊர்ப் பந்தல்காரரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கன்சாஸ் சிட்டியில் தீயணைப்புத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹேல் இன்னும் ஒரு படி மேலே போனார். ரயில் பெட்டி வடிவத்தில் கொட்டகை கட்டி, இருக்கையை ஆட்டி, எதிரே ரயில் முன்னிருந்து எடுத்த படத்தை ஓட்டினார். இரண்டு மூன்று ஆண்டு ஓடி ஓய்ந்தது.

உள்ளே எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டுமே. வாசலில் கிராமபோன் குழல் பாட்டுப் போடும், ஒருவன் கூவி அழைப்பான். ரீல் மாற்றும் நேரத்தில் ஒரு பாடகர் எழுந்து நின்று பாடுவார், பாட்டுக்கேற்ற வண்ண ஸ்லைடுகள் திரையில் வரும், கூட்டமும் சேர்ந்து பாடும். 'பெண்கள் தயவுசெய்து தொப்பியைக் கழற்றவும்' என்று ஒரு ஸ்லைடு உண்டு. அந்தக் காலத்துத் தொப்பி ஒரு சிறு தோட்டம், பின்னால் இருப்பவனுக்குத் திரை தெரியாது. நம் கொட்டகையில் மணல் குவித்து அதன்மேல் ஏறி உட்காருகிறவனைப் பின்வரிசைக்காரர்கள் திட்டுவார்களே, அந்தத் தொல்லைதான்.

ஐந்து சென்ட் இருந்தால் எவரும் நுழையலாம் என்று இங்குள்ள புத்தகங்கள் பெருமை பேசுகின்றன. மொழி தெரியாத குடியேறிகளுக்கு ஊமைப்படம் வரமாக இருந்தது உண்மைதான். ஆனால் கறுப்பின மக்களுக்குத் தெற்கு மாநிலங்களில் தனி வாசல், மாடி மூலை, அல்லது இடமே இல்லை. அந்தப் பெருமையை எழுதுகிற பக்கத்திலேயே இதையும் எழுதியிருக்கலாம்.

பெரிய மனிதர்கள் பயந்தார்கள். இருட்டு, இளம் பிள்ளைகள், திருட்டைக் காட்டும் படங்கள். 1907இல் சிகாகோ, படத்தைக் காவல்துறை பார்த்து அனுமதிக்க வேண்டும் என்று விதி போட்டது. 1908இல் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், நியூயார்க் மேயர் மெக்லெல்லன் நகரத்தின் கொட்டகை உரிமங்கள் அனைத்தையும், ஏறக்குறைய 550, ஒரே நாளில் ரத்து செய்தார். ஆண்டிலேயே நல்ல வசூல் நாளில்! உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கிக் கொட்டகைகளைத் திறந்தார்கள்.

பயத்தில் பாதி நியாயமும் உண்டு. நைட்ரேட் பிலிம் எப்படிப் பற்றும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆபரேட்டர் அறை வாசலில் உன் அப்பா வைத்திருந்த மணல் வாளியை நாம் உதைத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் என் மனத்தில் நிற்பது தீப்பிடிக்காத ஒரு விபத்து. போன ஞாயிறு மகளோடு கேனன்ஸ்பர்க் என்ற சிற்றூர் வழியாகப் போனேன், பிட்ஸ்பர்க்கிலிருந்து பக்கம்தான். 1911 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை இரவு, அங்கே மாடியில் இருந்த அரங்கில் படம் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினில் ஏதோ கோளாறு, திரையில் பளீரென்று ஒரு வெளிச்சம். யாரோ "தீ!" என்று கத்திவிட்டார்கள். எல்லோரும் ஒரே படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். கீழே விழுந்தவர்கள்மேல் மற்றவர்கள் விழுந்து 26 பேர் இறந்தார்கள். ஒரு பொட்டு நெருப்பு இல்லை. கார் அந்த ஊரைக் கடக்கும்வரை நான் பேசவில்லை, மகள் "அப்பா, கால் வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எடிசனும் மற்ற பெரிய கம்பெனிகளும் 1908 கடைசியில் கூட்டணி அமைத்து, கொட்டகைக்கு வாரம் 2 டாலர் கப்பம் கேட்டார்கள். லேம்லியும் நியூயார்க் கொட்டகைக்காரர் வில்லியம் ஃபாக்ஸும் எதிர்த்து நின்றார்கள், 1915இல் நீதிமன்றம் கூட்டணி சட்டவிரோதம் என்றது. அதற்குள் படம் நீண்டுவிட்டது, மக்களுக்கும் மெத்தை இருக்கை பழகிவிட்டது. 1914இல் நியூயார்க் பிராட்வேயில் ஏறக்குறைய மூவாயிரம் இருக்கைகளோடு ஸ்ட்ராண்ட் அரங்கு திறந்தபோது, 96 நாற்காலிக் கடைக்கு இனி என்ன வேலை? பல கடைகள் மறுபடி செருப்பும் துணியும் விற்கப் போயின. பத்தே ஆண்டு வாழ்வு.

நம் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் வந்துவிட்டதாக எழுதியிருந்தாய். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அது டூரிங் கொட்டகை, உரிமம் முடிந்தால் கீற்றைப் பிரிக்க வேண்டியதுதான்.

பேத்தி தமிழில் 'க' வரிசை முடித்துவிட்டாள், 'ங' ஏன் இருக்கிறது என்று கேட்கிறாள், என்னிடம் பதில் இல்லை. டிசம்பர் கடைசியில் ஊருக்கு வருகிறேன். வருவதற்குள் ஒரு வேலை செய். உன் அப்பா வசூல் எழுதிவைத்த நீல அட்டை நோட்டு பரணில் இருக்கும். அதில் பெட்டி வாடகை எவ்வளவு என்று எழுதியிருக்கிறாரா பார். வசூலில் எத்தனை பங்கு அந்தப் பெட்டிக்கே போயிற்று என்று தெரிந்தால், ஸ்மித்ஃபீல்ட் தெருக் கணக்கோடு ஒட்டிப் பார்க்கலாம். நோட்டைக் கரையான் தின்றிருந்தால் அதையும் எழுது.

காமாட்சியை விசாரித்ததாகச் சொல். சர்க்கரை மாத்திரையைத் தவறவிடாதே.

அன்புடன்,
சுந்தரம்