கவிதாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கவிதா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கச்சேரி ரோட்டில் மெட்ரோ வேலை இன்னும் முடியவில்லை. அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவதில்லை. வேலை இருக்கும். திலீபன் உன் ஆராய்ச்சிப் பேப்பரைப் பற்றி அம்மாவிடம் ஏதோ சொன்னான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வங்கியும் நாணயமும் ஏன் கவிழ்கின்றன என்று நீ எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்புகளைத்தான் மத்தியானம் படிக்கிறேன். முன்பெல்லாம் நீயே போனில் சொல்வாய்.

நல்ல காலத்தில்தான் ஜனங்கள் துணிந்து கடன் வாங்குவார்கள், ஆபத்து அங்கேயே முளைக்கும் என்று மின்ஸ்கி என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எழுதிக்கொண்டே இருந்தார். 1996-ல் காலமானார். 2008-ல் லேமன் என்ற பெரிய அமெரிக்க வங்கி விழுந்த பிறகுதான் பலரும் அவரைத் தேடிப் படித்தார்கள். அரசின் பற்றாக்குறை நாட்டு நாணயத்தின் மதிப்பை எப்படிக் கவிழ்க்கும் என்று 1979-ல் க்ருக்மன் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் எழுதினார். 1992-ல் ஐரோப்பாவில் வேறு மாதிரி கவிழ்ந்தது, 1997-ல் தாய்லாந்தில் இன்னொரு மாதிரி. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். பழையதை யாரும் குப்பையில் போடவில்லையே!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கிளையில் ஒரு வதந்தி கிளம்பியது. மத்தியானத்துக்குள் பாஸ்புக்கும் கையுமாக வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. மேனேஜர் ஸ்ட்ராங் ரூமிலிருந்து நோட்டுக்கட்டுகளை எடுத்துவந்து, கவுண்டர் கம்பிக்குப் பின்னால் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அடுக்கச் சொன்னார். பார்த்ததும் பாதிப் பேர் பணம் எடுக்காமலே திரும்பிவிட்டார்கள். வங்கியில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நிற்பவன் முந்திக்கொள்வானோ என்ற பயம்தான். அதைத்தான் டயமண்ட், டிப்விக் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1983-ல் கணக்காக எழுதியிருக்கிறார்கள். நோபல் வந்தது 2022-ல், அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த பெர்னான்கியோடு சேர்த்து. நடுவில் எத்தனை வருஷம், பார்த்துக்கொள்.

பெரிய அத்தையிடம் என் பெண் இந்த ஆராய்ச்சிதான் செய்கிறாள் என்று சொன்னேன். அவளுக்குக் காது கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். அத்தனை பெருமை எனக்கு. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன தயக்கம்?

சரி, விடு. ராத்திரி கண் விழிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பேப்பரைப் பற்றிப் பேச வேண்டாமென்றால் வேண்டாம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் பணம் போட்டவர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுத்தார்கள். போட்ட பணத்துக்குக் காப்பீடு 2,50,000 டாலர் வரைதான், அது புரிகிறது. ஆனால் பெரும்பாலும் போனிலும் கம்ப்யூட்டரிலுமே நடந்திருக்கிறது. நோட்டுக்கட்டை அடுக்கிக் காட்டக் கவுண்டரே இல்லாத இடத்துக்கு அந்த 1983 கணக்கு போதுமா? நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா