மீண்டும் வந்த 'சி.ஐ.டி.'

ஆசிரியர் அவர்களுக்கு,

1998-இல் சோனி தொலைக்காட்சியில் தொடங்கி 2018-இல் நின்றுபோன 'சி.ஐ.டி.' துப்பறியும் தொடர், 2024 டிசம்பரில் சிவாஜி சாட்டம் உள்ளிட்ட பழைய நடிகர்களுடனேயே திரும்பி வந்ததில், இந்தி அரைகுறையாகப் புரியும் எங்கள் வீட்டாருக்கும் மகிழ்ச்சியே. சாட்டம் நடிக்கும் காவல் அதிகாரி ஏ.சி.பி. பிரத்யுமன் விரல்களைச் சுழற்றியபடி சந்தேகப்படுவதும், அவர் குழுவிலுள்ள அதிகாரி தயா கதவை உதைத்துத் திறப்பதும் (செட்டிநாட்டு வீட்டின் பர்மா தேக்குக் கதவானால் அவருடைய கால்தான் உடையும்) இன்றும் ரசிக்கத்தக்கவையே. ஆனால், கைப்பேசியும் கண்காணிப்புக் கேமராவும் குற்றவாளியை எளிதில் காட்டிக்கொடுக்கும் இக்காலத்தில், பழைய பாவனைகளை மட்டும் நம்பாமல், தடயத்தை வைத்து யோசிக்கும் காட்சிகளைக் கதாசிரியர்கள் கூட்ட வேண்டும். தமிழ்த் தொலைக்காட்சிகளும், மாமியார் மருமகள் சண்டைகளுக்கு நடுவே, வாரம் ஒருமுறையாவது நல்ல துப்பறியும் தொடர் ஒன்றை ஒளிபரப்பலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி