ஹைட்ராவைக் காண கடலுக்குப் போக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில் ஜெல்லி மீன், பவளம், கடல் சாமந்தி பற்றி வந்த கட்டுரையைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். 'மலையில் வாழும் குழந்தைகள் இவற்றையும் இவற்றின் சொந்தங்களையும் படத்தில்தான் பார்க்க முடியும்' என்ற வரி வந்ததும் எழுந்து விளையாடப் போய்விட்டாள். மூன்று நாளாகியும் அந்த வரி எனக்கு ஆறவில்லை.

பண்ணைக்காட்டுப் பக்கம் 31 வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஹைட்ராவைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஜெல்லி மீனும் பவளமும் சேர்ந்த குழியுடலி என்ற விலங்குத் தொகுதியில் அதுவும் ஒன்றுதான், ஆனால் நல்ல தண்ணீரில் வாழ்வது. ஓடை தேங்கும் இடத்தில் நீர்ச்செடியைத் தண்ணீரோடு பாட்டிலில் அள்ளி வந்து ஜன்னலோரம் வைப்போம். மறுநாள் வெளிச்சம் படும் பக்கத்துக் கண்ணாடியில் நூல் துண்டு போல ஒட்டிக்கொண்டிருக்கும். முழுசாக ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. முனையில் மயிரிழை போலக் கைகள். நீர்த்தெள்ளு என்ற பொடி நீருயிர் ஒன்று பட்டால் போதும், கொட்டும் செல்லில் இருக்கும் முள் பாய்ந்துவிடும். அதற்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. ஜெல்லி மீன் கொட்டுவதும் இதே மாதிரி செல்லால்தான். பிடித்த தெள்ளை ஹைட்ரா வாய்க்கு இழுப்பதை என் பிள்ளைகள் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், மணி அடித்தாலும் நகர மாட்டார்கள்.

ஆபிரகாம் டிரம்ப்ளே என்ற இயற்கை ஆய்வாளர் 1740களில் ஹைட்ராவை வெட்டியபோது துண்டுகள் தனித்தனி உயிராக வளர்ந்த கதையை ஒருநாள் சொன்னேன். மறுநாளே ஒரு பையன் பிளேடோடு வந்தான். வெட்டினான். சில நாளில் தலையில்லாத துண்டுக்குக் கைகள் முளைத்தன. பூண்டு போடும் வீட்டுப் பிள்ளை, கடலைப் பார்த்ததே இல்லை. அவனிடம் போய் 'உனக்குப் படம் போதும்' என்று சொல்ல முடியுமா ஐயா?

அதே கட்டுரையில் பவளத்தைக் கடல் தாவரம் என்று போட்டிருக்கிறீர்கள். அது விலங்கு. அதன் உடலுக்குள் குடியிருந்து சோறு போடுவதுதான் பாசி. கடல் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துப்போகிறது. சீப்பு ஜெல்லியும் ஜெல்லி மீன் வகை என்கிறீர்கள். அது வேறு தொகுதி. இரையைப் பசைச் செல்லால் ஒட்டிப் பிடிக்கும்.

இது முதல் தடவையும் இல்லை. ஜெல்லி மீன் கொட்டினால் மணலால் தேய்த்து நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்லி முன்பொரு குறிப்பு போட்டீர்கள். அந்த வருஷம் ராமேஸ்வரம் சுற்றுலாவில் எங்கள் மாணவி காலில் ஜெல்லி மீன் பட்டது. கூட வந்த ஆசிரியை உங்கள் குறிப்பை நம்பி அப்படியே செய்தார். ஒட்டியிருந்த இழைகளில் வெடிக்காத செல்களும் வெடித்து, பிள்ளை துடித்துப்போனாள். அங்கிருந்த ஒரு மீனவர்தான் ஓடி வந்து கடல் தண்ணீரால் கழுவிவிட்டார். அன்றைக்கே எழுதினேன், நீங்கள் போடவில்லை. கொடைக்கானல் கடையில் பவளத்துண்டு விற்றதைப் பார்த்தும் எழுதினேன். 2001லிருந்து சட்டம் பாதுகாக்கும் உயிர் அது. அந்தக் கடிதமும் வரவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கலாம் என்றுதான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் நான்கு வரித் திருத்தமும், பாட்டிலில் ஹைட்ரா பார்க்கும் முறையும் போடுங்கள். படம் நானே வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
பண்ணைக்காடு, பழனி மலை