எதிர் வரிசைப் பெரியவரின் மஞ்சள் தாளுக்கு நன்றி

சிம்ஸ்பரி, கனெக்டிகட்
2011 நவம்பர் 8

ஃபார்மிங்டன் பள்ளத்தாக்கு நண்பர்களுக்கு,

ஞாயிறு ராத்திரி கரண்ட் வந்துவிட்டது. குளிர்காலத்துக்காக அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாள் அது. அடுப்பிலும் மைக்ரோவேவிலும் 12:00 என்று மின்னியதை ரொம்ப நேரம் யாரும் திருத்தக்கூட இல்லை.

அக்டோபர் 29 சனிக்கிழமை கொட்டிய பனிப்புயலையும், அதற்கப்புறம் எட்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்த கதையையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேரே நன்றிக்கு வருகிறோம்.

முதல் நன்றி, எதிர் வரிசையில் கடைசி வீட்டுப் பெரியவருக்கு. அவருக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிக் கொடுத்தாயிற்று. வாங்கிப் பார்த்து, இவ்வளவு நீளமாகவா என்று சிரித்தார். தமிழில் இதை எழுதுவது நமக்காக. பனி பார்க்காத ஊர்களிலிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலைக்கு வந்து இங்கே வீடு வாங்கிய நமக்கு அவர் சொன்னதில் பாதி தெரியாது.

அவர் ஓய்வுபெற்ற லைன்மேன். புயலுக்கு மறுநாள் ஞாயிறு காலை, மரம் முறிகிற சத்தம் நின்றபின், தெருவின் பன்னிரண்டு வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தார். கதவைத் தட்டவில்லை. மூன்று பக்கம் தள்ளி நின்று, அண்ணாந்து, சுவரை மட்டும் பார்த்தார். பார்த்து முடித்ததும் மஞ்சள் தாள் ஒன்றைக் கதவிடுக்கில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். தாளின் பின்பக்கம் ஒரே ஒரு வரி. பதினோரு வீடுகளுக்கு “மாஸ்ட் சரியாக இருக்கிறது”. ஒரு வீட்டுக்கு “இன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பெட்டியைத் தொடாதீர்கள்”.

இந்த ஒரு வரியின் மதிப்பு புரிய எங்களுக்கு நாலைந்து நாள் ஆனது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர் மின் நிறுவனத்தின் சொத்து. மீட்டரும் அப்படியே. ஆனால் அந்த ஒயரைத் தாங்கிச் சுவரில் நிற்கும் குழாய் (அதுதான் மாஸ்ட்), அதன் உச்சியில் இருக்கும் கொண்டை, மீட்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டி எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. கிளை விழுந்து ஒயரை இழுத்தால், ஒயர் குழாயை இழுக்கும், குழாய் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கும். இரண்டு அங்குலம் சாய்ந்திருந்தாலும் கீழே நின்று பார்ப்பவருக்குச் சாதாரணமாகத்தான் தெரியும். தெருவுக்குக் கரண்ட் கொடுக்க வருகிற லைன்மேன் அப்படிப்பட்ட வீட்டை இணைக்க மாட்டார். விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். பிறகு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் சரிசெய்து, ஊர் இன்ஸ்பெக்டர் பார்த்து ஒப்புக்கொண்டு, அதற்கப்புறம்தான் மறுபடி வரிசை. முதல் நாள் எலக்ட்ரீஷியன் கிடைப்பார். ஐந்தாம் நாள் போனைக்கூட எடுக்க மாட்டார். அந்த ஒரு வீட்டின் பெட்டி செவ்வாய்க்கிழமையே நிமிர்ந்துவிட்டதால், அடுத்த ஞாயிறன்று பன்னிரண்டு வீட்டிலும் ஒன்றாக விளக்கு எரிந்தது.

தாளின் முன்பக்கம் பென்சில் எழுத்து. முதல் விஷயம் மரம். நவம்பர் பிறக்கும் முன்னே கொட்டியதுதான் இந்தப் பனியின் கொடுமை. ஓக் மரங்கள் இலையோடு நின்றன. மொட்டைக் கிளையில் பனி வழுக்கி விழும். இலையுள்ள கிளை முறம் மாதிரி ஏந்திக்கொள்ளும். அதிலும் இது ஈரப்பனி, மாவு மாதிரி உதிராது, களி மாதிரி ஒட்டும். தரையும் இன்னும் இறுகவில்லை என்பதால் சில மரங்கள் வேரோடு சாய்ந்தன. சின்ன மரம், செடி என்றால் பனி விழும்போதே விளக்குமாற்றைக் கிளைக்கு அடியில் கொடுத்து மெல்ல மேலே தூக்கிவிட வேண்டும், கீழ்க்கிளையிலிருந்து தொடங்கி. மேலிருந்து அடித்தாலோ பிடித்து உலுக்கினாலோ ஏற்கனவே விறைத்து நிற்கிற கிளை பட்டென்று போகும். பெரிய மரத்தடிக்கு எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. வில்லாக வளைந்து தலை தரையைத் தொடும் பிர்ச் மரத்தை வெட்டாதீர்கள் என்று தனியாக எழுதியிருந்தார்: வசந்தம் வரை விட்டுப்பாருங்கள், பல மரங்கள் தானே எழும்.

அடுத்தது ஹீட்டர். கேஸ் ஹீட்டர்தானே, கரண்ட் எதற்கு என்று கேட்டவர்கள் நம்மில் பலர். எரிவது கேஸ், ஆனால் பற்றவைப்பதும் சூட்டுக்காற்றை வீட்டுக்குள் தள்ளுவதும் கரண்ட். கேஸ் அடுப்பின் மேல்பர்னரைத் தீக்குச்சியால் ஏற்றிச் சமைக்கலாம். ஆனால் வீட்டைச் சூடாக்க அதை எரியவிடக் கூடாது. கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது, கராஜுக்குள்ளும் கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தலைவலி, வாந்தி, தூக்கம் என்று ஃப்ளூ மாதிரியே வரும். இந்தப் புயலில் நம் மாநிலத்தில் போன உயிர்களில் சில மரம் விழுந்து போனவை அல்ல, இப்படிப் போனவை. தீபாவளி பலகாரத்தோடு வார இறுதிக்குத் தயாராக இருந்த வீடுகளில், சாம்பார் வைக்க கிரில்லைக் கராஜுக்குள் இழுக்க இருந்தவர்கள் யார் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.

ஜெனரேட்டர் பற்றிய வரியின் கீழே மட்டும் மூன்று கோடு. பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது. வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் அணைத்து ஆறவிட வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடேறி உருகும், 12 கேஜ் என்கிற தடித்த ஒயர்தான் போட வேண்டும். இதெல்லாம் கோடு போடாத வரிகள். கோடு போட்டது இது: இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரைச் சுவர் ப்ளக்கில் செருகாதீர்கள். வீடு முழுக்க விளக்கெரியும், உண்மைதான். ஆனால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியேறி, கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, 240 வோல்ட்டாகப் போனது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக லைனுக்குப் போகும். செத்த ஒயர் என்று நினைத்து மேலே கை வைத்திருப்பவர் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை. பெரியவர் காரணம் எழுதவில்லை. கோடு மட்டும்தான். வீட்டு வயரிங்கில் இணைக்க வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து, வெளி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்கும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் போட்டுக்கொள்வதுதான் வழி.

கிணற்றுப் பம்ப் வீடுகளில் கரண்ட் போனால் தண்ணீரும் போச்சு. டாய்லெட்டுக்குப் பனியை உருக்கலாம் என்றால், அமுக்கி நிரப்பிய ஐந்து கேலன் வாளி உருகினால் பாதி வாளிகூடத் தேறாது. கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் வாளியை வைப்பது சுலபம். தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், நேரே கோப்பையில் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றினால் போய்விடும்.

ஃபிரிட்ஜைத் திறக்காமலிருந்தால் நாலு மணி நேரம். நிரம்பிய ஃபிரீசர் 48 மணி, பாதி நிரம்பியது 24. வெளியேதான் பனி இருக்கிறதே என்று பாலை டெக்கில் வைத்தால் நடுப்பகல் வெயில் அதைக் கெடுத்துவிடும். இலையுதிர்காலப் பனிக்கு ஜனவரிப் பனியின் யோக்கியதை கிடையாது. (அவர் தாளில் இல்லாத ஒன்று: 45 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 7 டிகிரி செல்சியஸ்) வீட்டில் இட்லி மாவு புளிக்காது. மூன்று நாள் ஆனாலும் புளிக்காது. தோசைக்கல்லில் மெல்லிசாக இழுத்துச் சாப்பிட்டுவிட வேண்டியதுதான்.)

கடைசி வரி கரண்ட் வருகிற நாளுக்கு. ஒரு விளக்கை மட்டும் போட்டுவைத்து, ஹீட்டர், வாட்டர் ஹீட்டர், டிரையர் பிரேக்கர்களை அணைத்துவையுங்கள். எட்டு நாள் ஆறிப்போன தெருவில் எல்லா வீட்டுச் சாமானும் ஒரே நொடியில் கரண்டை இழுத்தால் கம்பத்து ஃபியூஸ் மறுபடி போகும். விளக்கு எரிந்த பிறகு கொஞ்சம் பொறுத்து, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஞாயிறு ராத்திரி பன்னிரண்டு வீட்டிலும் முதலில் எரிந்தது ஒற்றை விளக்குதான்.

மற்ற நன்றிகளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். தூர மாநிலங்களிலிருந்து வண்டி ஓட்டி வந்து, குளிரில் பதினாறு மணி நேரம் கம்பத்தில் தொங்கிய லைன்மேன்களுக்கு. முகாமில் கட்டில் விரித்தவர்களுக்கு. “குளிக்க வாங்க, சோறும் தயார்” என்று கரண்ட் இருந்த ஊர்களிலிருந்து கூப்பிட்ட நண்பர்களுக்கு. பெட்ரோல் வரிசையில் கேனைக் கொடுத்துவிட்டு நம்மை வீட்டுக்கு அனுப்பியவர்களுக்கு. ரூட் 10 பக்கம் விழுந்த கிளைகளை ரம்பத்தோடு வந்து நறுக்கிப் போனவர்களுக்கு. ஹாலோவீன் தள்ளிப்போனதற்கு அழாமலிருந்த பிள்ளைகளுக்கும்.

எங்கள் நாலு தமிழ் வீடும் இப்போது செய்துகொண்டது: மாடிக்கு மாடி பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம், ஆளுக்கொரு 12 கேஜ் ஒயர், பகிர்ந்துகொள்ள ஒரு ஜெனரேட்டர், இரண்டு வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச். மஞ்சள் தாளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம், கேட்பவர்களுக்கு நகல் தருகிறோம். இந்தக் குளிர்காலம் முழுக்கப் பெரியவர் வீட்டு வாசல் பனியை முறைவைத்து நாங்கள்தான் தள்ளப்போகிறோம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பார்.

நடுவில் ஒரு நாள் அவருக்கு முறுக்கு டப்பா ஒன்று கொடுத்திருந்தோம். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நேற்றுத் திரும்பி வந்தது, உள்ளே எட்டு ஏஏ பேட்டரி. காரம் கொஞ்சம் அதிகம் என்றாராம். இந்த வாரம் தேன்குழல் போகிறது.

அன்புடன்,
தெருவின் நாலு தமிழ் வீட்டார்