தட்டுவடைக் கடைக்கு இன்னொரு ஆள்

ஏற்காடு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடையில் கூட்டம் தாங்கவில்லை, இன்னொரு ஆள் போடலாமா என்று கேட்டிருந்தாய். கூட்டம் கண்ணை ஏமாற்றும்டா. திரும்பிப் போகிறவர்களை எண்ணு. கல்லாப் பக்கம் ஒரு அட்டை தொங்கவிட்டு, நின்று பார்த்துவிட்டு நகர்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போடு. இரண்டு வாரம் போதும். சனி, ஞாயிறை மட்டும் தனியாக எழுது; அதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் செவ்வாய்க்கிழமையும் கூட்டம் அலைமோதுகிற மாதிரி தெரியும்.

இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காயும் சட்னியும் வைத்துக் கொடுக்கிற செட் 40 ரூபாய், வடை, காய், சட்னி, தட்டு எல்லாம் போக 18 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள். கூலி நாளைக்கு 600 என்றால் 26 நாளைக்கு 15,600. டீ, பலகாரம் தினம் 40 வீதம் 1,040. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுப்பாய் அல்லவா, அதை மாதத்துக்குப் பிரித்தால் 1,300. ஆக 17,940. இதை எடுக்க மாதம் சுமார் 1,000 செட், தினம் 39 செட் கூடுதலாக ஓடணும். அட்டையில் 15 கோடுதான் விழுகிறது என்றால் முழுநாள் ஆள் கட்டாது. உன் விலை வேறாக இருந்தால் எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்.

அதற்கும் முன்னால், வேலை எங்கே முட்டுகிறது என்று பார். போனில் நேரம் வைத்து 20 செட் போடு. செட்டுக்கு 40 விநாடி ஆனால் ஒரு ஆள் மணிக்கு 90 போடலாம். 60 கூட வரவில்லையா, கை நடுவில் நிற்கிறது. சில்லறை எண்ணுகிறாய், காரச் சட்னி தீர்ந்து மிக்ஸிக்கு ஓடுகிறாய், கேரட் துருவ உட்காருகிறாய். முன்னால் இன்னொருவரை நிறுத்தினால் அவரும் அந்தத் துருவலுக்குத்தான் காத்து நிற்பார்.

காயைக் காலையிலேயே துருவி வைக்கவும் முடியாது. பீட்ரூட் தண்ணீர் விட்டு வடை நமுத்துப் போகும், வெங்காயம் வாடை அடிக்கும். மூன்றரை மணிக்கு மேல்தான் துருவணும். அதனால் உனக்கு வேண்டியது மூன்றிலிருந்து ஏழு மணி வரைக்கும் ஒரு ஆள் என்றுதான் எனக்குப் படுகிறது. 300 ரூபாய் கூலி, டீ, போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் 9,500-க்குள் அடங்கும். தினம் 21 செட் கூடுதலாக ஓடினால் போதும். கரண்ட் துருவல் மெஷின் வாங்கலாம்தான். ஆனால் தோல் சீவுவதும் பிளேடு கழுவுவதும் உன் தலையில்தான் விழும்.

ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தை வைத்து மட்டும் நிரந்தரமாக ஆள் எடுத்துவிடாதே. ஐப்பசி மழையில் அதே ஆளுக்கு வேலை இருக்காது, சம்பளம் இருக்கும். இங்கே எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிற பருவத்துக்கு மட்டும் ஆள் சேர்ப்பதைப் போல, முதலிலேயே இத்தனை வாரம் என்று பேசிவிடு. எடுப்பதையும் திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்னால் எடு. நெரிசலில் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் ஏது? சட்னி அளவு கூடிக் குறைந்தால் பழைய வாடிக்கைக்காரர் முகம் சுளிப்பார்.

பதினாலு வயசுக்குக் கீழே யாரையும் சேர்க்காதே, சட்டப்படி குற்றம். உணவைத் தொடுகிறவருக்கு வருஷம் ஒரு தரம் மருத்துவப் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்கி வை. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு பத்து பேர் ஆனால்தான், அது உனக்கு இப்போது இல்லை. பணம் வாங்குகிற கை வடையைத் தொடாமல் பார்த்துக்கொள், கியூ.ஆர். அட்டையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாலே பாதிச் சில்லறை வேலை குறையும்.

அட்டை நிரம்பினதும் போட்டோ எடுத்து அனுப்பு. நொறுக்கல், அதான் வடையை நொறுக்கிக் காய், சட்னி கலந்து கொடுப்பது, கேட்டுத் திரும்பினவர்களை வேறு நிறத்தில் குறி. அதற்குச் செட்டை விட நேரம் கூடப் பிடிக்கும், கணக்கும் வேறே.

அன்புடன்,
ரவி