ஜூலன் கைக்கு வந்த கோப்பை

திருச்சி,
6-11-2025

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். நம் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில், உனக்கு அங்கே மெல்போர்னில் பொழுது விடியும் நேரத்தில், தொலைபேசியில் நான் பேசியது ஒன்றும் உனக்கு விளங்கியிருக்காது. அழுகிறாயா, சிரிக்கிறாயா என்று அப்பாவே கேட்டார். அதனால்தான் நிதானமாக எழுத உட்கார்ந்தேன்.

தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் நம் பெண்கள் 298 ஓட்டங்கள் எடுத்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. 2017 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக 229 எடுத்தால் கோப்பை என்றிருக்க, மூன்று விக்கெட் இழப்புக்கு 191 என்று சௌகரியமாக ஆடிக்கொண்டிருந்தவர்கள், அடுத்த 28 ஓட்டங்களுக்குள் மிச்சமிருந்த ஏழு விக்கெட்டுகளையும் பறிகொடுத்து ஒன்பது ஓட்டங்களில் தோற்றதை நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே. 2005 இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியனில் ஆஸ்திரேலியாவிடம் 98 ஓட்டங்களில் தோற்றது இன்னும் மோசம். அந்தத் தோல்வியைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசக்கூட இந்தத் தெருவில் எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

இந்த முறையும் லீக் சுற்றில் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்றபோது, சரி, வழக்கம்போலத்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அரையிறுதியில் உங்கள் ஊர்க்காரர்கள் 338 எடுத்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஜெமிமா ஆட்டமிழக்காமல் 127 எடுத்து அதையும் தாண்ட வைத்தாள். மறுநாள் உன் அலுவலகத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நீ எழுதவே இல்லை.

இறுதியாட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். காயமடைந்த பிரதிகாவுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட ஷஃபாலி 87 ஓட்டங்கள் அடித்ததோடு, பந்து வீசி இரண்டு விக்கெட்டும் எடுத்தாள். ஆனாலும் தென்னாப்பிரிக்கத் தலைவி லாரா வோல்வார்ட் நின்றுகொண்டிருந்த வரை எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை. அப்பா கூடத்துக்குள் வந்தாலே யாராவது ஒருவர் ஆட்டமிழக்கிறார் என்று நம் ஆட்டத்தின்போது அவரைச் சமையலறையிலேயே உட்கார வைத்திருந்தேன். வோல்வார்ட் நூறு அடித்ததும் நானே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்வதற்குள் தீப்தியின் பந்தை அவள் தூக்கி அடிக்க, எல்லைக்கோட்டருகே ஓடி வந்த அமன்ஜோத்தின் கையிலிருந்து பந்து நழுவி, மறுபடியும் எகிறி, கடைசியில் ஒற்றைக் கையில் சிக்கியது. வெற்றிக்குத் தான்தான் காரணம் என்று அப்பா இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆனால் நான் அழுதது அப்போது இல்லை, ஹர்மன்ப்ரீத் பின்னோக்கி ஓடிக் கடைசிக் கேட்சைப் பிடித்தபோதும் இல்லை. கோப்பையை வாங்கியவர்கள் அதை மைதானத்தில் நின்றிருந்த பழைய வீராங்கனைகள் மிதாலியிடமும் ஜூலனிடமும் அஞ்சுமிடமும் கொண்டுபோய்க் கொடுத்தார்களே, ஜூலன் அதைத் தூக்கிக்கொண்டு தேம்பினாளே, அப்போதுதான். 2005, 2017 இரண்டிலும் மிதாலிதான் தலைவி, இரண்டிலும் ஜூலன் பந்து வீசினாள். கிரிக்கெட் வாரியம் 2006இல் பெண்கள் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் ஏற்பதற்கு முன்பு, முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் கிட்பேக்கோடு நெருக்கியடித்துப் போய் ஆடிய தலைமுறை அது. பெண்கள் கிரிக்கெட் இப்போதுதான் பிறந்ததுபோலத் தொலைக்காட்சியில் சிலர் பேசுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெண்களின் முதல் உலகக் கோப்பை 1973இல் நடந்தது, ஆண்களுடையது 1975இல்தான். இதை உன் மாமாவிடம் நேற்றும் ஒருமுறை சொன்னேன். அவருக்குக் கபில் தேவைத் தவிர வேறு எதுவும் நினைவில் நிற்பதில்லை.

அடுத்த ஆண்டு ஜூலையில் டி20 உலகக் கோப்பையின் இறுதியாட்டம் அதே லார்ட்ஸில் நடக்கிறது. நம் பெண்கள் அதுவரை வருவார்களா என்று இப்போது சொல்ல முடியாது, வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த மைதானத்தோடு எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நீ விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடு. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு விண்ணப்பிப்பது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்பாவிடம் சொல்.

அன்புடன்,
அம்மா