1728 சிவப்பு எண்கள்: சாரதாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் கிடைத்தது. ராமுவின் வருஷத் திவசம் குறையில்லாமல் முடிந்தது என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. உன் தம்பி குடும்பத்தோடு வந்து நின்றாரே, அது பெரிய விஷயம். வீட்டை விற்றுவிட்டு பெங்களூருக்கு வந்துவிடச் சொல்லி உன் மகன் அவசரப்படுத்துகிறான் என்று எழுதிய பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பற்றிச் சொல்ல நினைப்பது கொஞ்சம் சுற்றி வரும். பொறுமையாகப் படி.

இங்கே டோக்கியோவில் குளிர் விட்டுவிட்டது. பேத்தி பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். மகனும் மருமகளும் காலையில் கிளம்பினால் பகல் முழுக்க எனக்குத்தான். மெட்ரோ பழகிவிட்டதால் ஒவ்வொரு கலைக்கூடமாகப் போய்ப் பார்க்கிறேன். மோரி கோபுரத்தின் 53வது மாடியில் ஒன்று. புள்ளி புள்ளியாக வரையும் குசாமா யாயோயிக்கென்றே ஷின்ஜுகு பக்கம் இன்னொன்று. அதற்கு முன்கூட்டியே நேரம் குறித்து டிக்கெட் எடுக்க வேண்டும். அசாபுதாயில் சுவர், தரை எங்கும் ஒளிப்பூக்கள் மலர்கிற டீம்லாப். பேத்தி அங்கே குதித்துக் குதித்து ஆடினாள். எனக்கும் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் வெளியே வந்ததும் மனதில் ஒன்றும் தங்கவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியது வேறு இடம். நகரத்தின் கிழக்கே, கியோசுமி ஷிரகாவா ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டும். சின்னச் சின்னத் தெருக்கள், காப்பிக்கொட்டை வறுக்கும் கடைகள், பழைய கோயில்கள். அதைத் தாண்டி கிபா பூங்காவின் ஓரத்தில் டோக்கியோ தற்காலக் கலை அருங்காட்சியகம் நிற்கிறது. 1995ல் திறந்தது. 1945 மார்ச் 10 அன்று குண்டு வீச்சில் ஒரே இரவில் எரிந்துபோன பகுதி இது. டோக்கியோவின் கிழக்கில் அன்று ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்தார்கள். இப்போது தெருவில் அதன் அடையாளம் எதுவும் கண்ணில் படுவதில்லை.

உள்ளே ஒரு இருட்டறை. சுவரில் ஆளுயரத்தையும் தாண்டி நீள்சதுரமாக சிவப்பு எண்கள். லிஃப்டில் மாடி எண் காட்டுமே, அந்த மாதிரி எல்இடி. மொத்தம் 1728. கணக்கு டீச்சரே, உனக்கு உடனே பிடிபட்டிருக்கும்: பன்னிரண்டை மூன்று முறை பெருக்கினால் வருவது. மியாஜிமா தத்சுவோ என்பவர் 1998ல் செய்தது. 1957ல் பிறந்தவர், பௌத்தத்தில் ஊறியவர். 'மாறிக்கொண்டே இரு, எல்லாவற்றோடும் தொடர்பு கொள், என்றென்றும் தொடர்' என்பதுதான் தலைப்பு. அவருடைய கலைக் கொள்கையும் அதுவே.

ஒவ்வொரு பெட்டியும் 1லிருந்து 9 வரை எண்ணுகிறது. பிறகு பூஜ்யம் வர வேண்டும் அல்லவா? வராது. அந்த இடத்தில் விளக்கு அணைந்து இருட்டாகிவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி 1. எண்கள் உயிர், அந்த இருட்டு மரணம் என்பது மியாஜிமாவின் கணக்கு. பூஜ்யம் நம் நாட்டிலிருந்து போனது என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வாயே, அதை இவர் எழுதவே மறுக்கிறார்.

முதலில் எனக்கு அது ஆறுதலாக இல்லை, சாரதா. அணைந்தது மறுபடி எரியும் என்றால் உன் வீட்டில் எது எரிந்தது? ராமு போன இடத்தில் 1 என்று எதுவும் வரவில்லையே. மனதுக்குள் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது: எந்த இரண்டும் சேர்ந்து ஓடவில்லை. ஒன்று மளமளவென்று எண்ணி முடித்து அணைந்து மறுபடி ஓடுகிறது. பக்கத்தில் இருப்பது 4ல் நின்றுகொண்டு நகரவே மாட்டேன் என்கிறது. அதைப் பார்த்து இது வேகம் கூட்டுவதில்லை, இதற்காக அது காத்திருப்பதும் இல்லை. அத்தனையும் ஒரே சுவரில் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் மகன் மியாஜிமாவைப் பற்றித் தேடிப் படித்துச் சொன்னான். நாவோஷிமா என்ற தீவில் ஒரு பழைய வீட்டுக்குள் தண்ணீர் நிரப்பி, அதில் 125 எண்களை மிதக்கவிட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானித்தது அவர் இல்லை. ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து 95 வயதுக் கிழவர் வரை அந்தத் தீவுக்காரர்களே தங்கள் கையால் வைத்தார்கள். என்னைப் பொறுத்தவரை இவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். தன் படைப்பின் உயிர்நாடியையே மீன்பிடிக்கிறவர், வீட்டுக்காரம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை என்று ஊர்க்காரர்களிடம் கொடுத்துவிட எத்தனை பேருக்கு மனசு வரும்?

இன்னொன்றும் கேள். இதே டோக்கியோவில், ரொப்பொங்கி என்ற பகுதியில் ஒரு டிவி நிறுவனத்தின் கட்டடத்தில் தெருவைப் பார்த்தபடி இவருடைய ஆறு ராட்சத எண்கள் 2003லிருந்து எரிந்தன. ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் வடகிழக்கில் 18,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். சில நாட்களிலேயே அவற்றை இவரே அணைத்துவிட்டார், இறந்தவர்களுக்கு அஞ்சலியாக. ஐந்து வருஷம் இருட்டாகவே கிடந்தது. 2016 மார்ச்சில்தான், அதுவும் மூன்று நாளைக்கு மட்டும், மறுபடி ஏற்றினார்கள். நகரத்தின் நடுவில் அவ்வளவு பெரிய வேலை இருட்டில் கிடந்ததைப் பற்றிக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. போதும், எரியவிடலாம் என்று யாராவது அவரை அவசரப்படுத்தியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாரா?

இதைத்தான் உன் மகனிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வருஷம் முடிந்துவிட்டது, இனி வா என்கிறான். அவன் பாசத்தில் சொல்கிறான், எனக்குத் தெரியும். அவன் எண் வேகமாக ஓடுகிறது. குழந்தைகள், வேலை, கடன், ஓட வேண்டிய வயசு. நீ 4லேயே நிற்கிறாய் என்றால் நின்றுகொள். கொல்லையில் ராமு வைத்த மாதுளை காய்ப்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய். அல்லது விற்கவே வேண்டாம். ஒன்று மட்டும் செய்: மேல் அறையில் குழாய் ஒழுகுகிறது என்றாயே, மழைக்கு முன்னால் அதைச் சரி பார்த்துவிடு.

சுனாமியில் போனவர்களுக்காக மியாஜிமா இப்போது 3000 எண்கள் செய்துகொண்டிருக்கிறார். வடகிழக்குக் கடலோரத்தில் நிரந்தரமாக வைப்பதாக ஏற்பாடு. அதற்கும் வேகத்தை வைப்பது பொதுமக்கள்தான். உன் கையில் ஒன்றைக் கொடுத்தால் என்ன வேகம் வைப்பாய்? நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த கடிதத்தில் எழுது.

ஆனி மாதம் ஊருக்கு வருகிறேன். நேரே கும்பகோணம்தான் வருவேன். ஒரு வாரமாவது உன்னோடு இருப்பேன், மேல் அறையைத் தயாராக வை. இங்கே நல்ல பச்சைத் தேயிலை கிடைக்கிறது, வாங்கி வருகிறேன். உனக்குப் பிடிக்காவிட்டால் உன் தம்பிக்குக் கொடுத்துவிடலாம். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லையா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
விஜயா